கீம்சே: தூர்ந்துகொண்டிருக்கும் ஏரி

அனைவருக்கும் வணக்கம். ஆல்ப்ஸ் என்றதும் பனி மூடிய சிகரம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்திருப்பது அந்த மலை முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தைப் பற்றி. தெற்கு ஜெர்மனியில், பவேரியா மாநிலத்தில் இருக்கிறது கீம்சே ஏரி. சுமார் 80 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆழம் அதிகபட்சம் 73 மீட்டர். தெற்கே காம்பன்வாண்ட் மலை 1669 மீட்டருக்கு நிமிர்ந்து நிற்கிறது. வடக்கே திரும்பினால் மேடும் பள்ளமுமாகப் புல்வெளிதான்.

இதெல்லாம் பனியாறு செய்த வேலை. பனியுகத்தில் அது மலைப் பள்ளத்தாக்கிலிருந்து வெளியே வழிந்து, தரையைத் தோண்டி, தோண்டியதை முன்னால் தள்ளி மேடாகக் குவித்தது. பனி உருகிப் பின்வாங்கியதும் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. வடமேற்கில், எக்ஸ்டெட் பக்கம், குட்டி ஏரிகள் கூட்டமாக இருக்கின்றன. அவை பிறந்த விதம் வேறு: துண்டுபட்ட பனிப்பாளங்கள் சரளைக்குள் புதைந்து மெல்ல உருகின; மேல்மண் உள்ளிறங்கிக் குழியானது.

சரி, கீம்சே ஆரம்பத்தில் இன்றைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாக இருந்தது. மீதி எங்கே போனது? டிரோலர் ஆகன் என்ற ஆற்றைக் கேட்க வேண்டும். ஆஸ்திரிய மலைகளிலிருந்து கல்லும் மணலும் வண்டலும் சுமந்து வந்து ஏரியைத் தூர்த்துக்கொண்டே இருக்கிறது. தென்கரையின் கரிச்சதுப்புகள், அதாவது மக்கிய செடிகொடிகள் படிந்த சதுப்பு நிலங்கள், பலவும் பழைய ஏரித்தரைதான். ஆற்றை மனிதர்கள் நேராக்கிக் கரை கட்டியபின், வெள்ளத்தில் வயல்வெளியில் பரவ வேண்டிய வண்டலும் நேரே ஏரிக்குள் வருகிறது. போதாததற்கு, 1904 வாக்கில் மேய்ச்சல் நிலத்துக்காக ஏரி மட்டத்தையே தாழ்த்தினார்கள். ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் ஆழமில்லாத கரையில் அதுவே நிறைய நிலம்.

நல்லதும் நடந்திருக்கிறது. 1989இல் ஏரியைச் சுற்றிக் கழிவுநீர்க் குழாய் முடிந்தது. சுத்திகரித்த நீரைக்கூட ஏரியில் விடுவதில்லை, 'இன்' என்ற வேறொரு ஆற்றுக்கு அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இது ஏரித் தீவிலுள்ள பவேரிய மன்னர் லுட்விக்கின் அரண்மனையைவிடப் பெரிய சாதனையாகப் படுகிறது.

போக வாய்ப்பிருப்பவர்கள் படகேறி அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். டிரோலர் ஆகன் ஏரியில் சேரும் டெல்டா பாதுகாக்கப்பட்ட இடம், இஷ்டத்துக்கு உள்ளே நடக்க முடியாது. ஹிர்ஷாவ் விரிகுடாவில் பறவை பார்க்கும் கோபுரம் உண்டு, தொலைநோக்கி கொண்டுபோங்கள்.