2,000 கிலோமீட்டர் தள்ளி ஒரு சொந்த மைதானம்: கொங்கு நாட்டுக்கு ஓர் அணி வந்தால் எங்கே ஆட வேண்டும்?

(திரையில்: விளக்கொளியில் ஒரு கூடைப்பந்து மைதானம், நிரம்பிய கேலரி)

வணக்கம். 1992-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் மிக உயர்ந்த கூடைப்பந்துக் கோப்பையை ஓர் அணி வென்றது. அந்தக் கோப்பைக்கான ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைத்தான் அது தன் சொந்த ஊரில் ஆடியது. மற்ற "சொந்த மைதான" ஆட்டங்கள் எல்லாம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி, வேறு மொழி பேசும் வேறொரு நாட்டில் நடந்தன. அங்கே இருந்த மக்கள் அந்த அணியைத் தங்கள் பிள்ளைகளாகவே எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கதையைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் சொல்கிறேன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில் வழக்கமாக ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் பாதி சொந்த மைதானத்தில். எனவே மைதானத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, ஆண்டுக்கு 41 முறை யார் வந்து உட்காருவார்கள் என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணி, 1999 முதல் 2024 வரை லேக்கர்ஸ் அணியோடு ஒரே அரங்கில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. பக்கத்து வீட்டுக்காரரின் புகழ் பெரிது. தனக்கென்று ஒரு கூட்டம் சேரவில்லை. 2014-இல் 200 கோடி டாலருக்கு அந்த அணியை வாங்கிய ஸ்டீவ் பால்மர், 2024-இல் இங்கிள்வுட் நகரில் ஏறத்தாழ 18,000 பேர் அமரும் இன்ட்யூட் டோம் என்ற புதிய அரங்கத்தைத் திறந்தார். அங்கே ஒரு வளையத்துக்குப் பின்னால் 51 வரிசை இருக்கைகள் இடைவெளியே இல்லாமல் செங்குத்தாக ஏறுகின்றன. அதற்குப் பெயரே "சுவர்". எதிரணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார முடியாது.

ஆனால் அந்தச் சத்தம் உண்மையில் என்ன செய்கிறது? பொருளாதார அறிஞர் டோபியாஸ் மாஸ்கோவிட்ஸும் இதழாளர் ஜான் வெர்தைமும் இருபது ஆண்டுக்கால என்.பி.ஏ. ஆட்டங்களை ஆராய்ந்தார்கள். எதிரணி தவறு செய்ததற்காக, யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் வாய்ப்பான ஃப்ரீ த்ரோவில் சொந்த அணியின் வெற்றி விகிதம் 75.9 விழுக்காடு. வெளியூர் அணியின் விகிதமும் அதே 75.9 விழுக்காடு! ஆயிரக்கணக்கானோர் கத்தியும் கைகளை ஆட்டியும் தசமப் புள்ளி கூட அசையவில்லை. கூட்டம் அசைப்பது எறிபவரின் கையை அல்ல, நடுவரின் விசிலை என்பது அவர்கள் கண்ட முடிவு. ஐயத்துக்கு இடமான தருணங்களில் நடுவரின் தீர்ப்பு, தம்மை அறியாமலேயே, சொந்த அணியின் பக்கம் சாய்கிறது. நான் இதை முழுமையாக நம்புகிறேன்.

இப்போது அந்த 1992 அணிக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்லப் போகிறேன்.

(திரையில்: வரைபடம், பெல்கிரேடிலிருந்து மாட்ரிட் வரை ஒரு கோடு)

பெல்கிரேடைச் சேர்ந்த பார்ட்டிசான் அணி. யுகோஸ்லாவியா போரில் உடைந்துகொண்டிருந்த காலம் அது. எதிரணிகளை அங்கே அனுப்புவது ஆபத்து என்பதால், அந்நாட்டு அணிகள் தங்கள் சொந்த மைதான ஆட்டங்களை வெளிநாட்டில் ஆட வேண்டும் என்று முடிவாயிற்று. பார்ட்டிசானுக்கு வாய்த்தது ஸ்பெயினில் மாட்ரிட்டுக்குத் தெற்கே உள்ள ஃபுவென்லப்ராடா. சுற்றுலாப் பயணிகள் தேடிச் செல்லும் ஊர் அல்ல அது. பிழைப்புக்காக இடம்பெயர்ந்து வந்த தொழிலாளர் குடும்பங்களால் சில பத்தாண்டுகளில் மளமளவென்று வளர்ந்த ஊர். படிக்கும்போதே எனக்குத் திருப்பூர்தான் கண்முன் வந்து நின்றது.

அந்த ஊரின் அரங்கத்துக்கு, 1989-இல் கார் விபத்தில் இறந்த ஸ்பெயின் வீரர் ஃபெர்னாண்டோ மார்ட்டினின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். வந்து சேர்ந்ததோ இளைஞர்களின் அணி. பயிற்சியாளர் ஜெல்கோ ஒப்ரடோவிச், முந்தைய ஆண்டு வரை தாமே ஆடிக்கொண்டிருந்தவர். அப்போது அவருக்கு வயது 32தான். தங்கள் ஊரின் பெயரே இல்லாத, தங்கள் மொழியே பேசாத ஓர் அணிக்காக ஃபுவென்லப்ராடா மக்கள் அரங்கை நிறைத்துக் குரல் கொடுத்தார்கள். "பார்ட்டிசான் தே ஃபுவென்லப்ராடா", அதாவது ஃபுவென்லப்ராடாவின் பார்ட்டிசான் என்றே அந்த அணிக்குப் பெயர் வந்துவிட்டது. காலிறுதிச் சுற்றில் இத்தாலியின் பொலோனா அணியை எதிர்த்து ஓர் ஆட்டம் மட்டும் பெல்கிரேடில் ஆட முடிந்தது. பிறகு இஸ்தான்புல்லில் இறுதி ஆட்டம். எதிரில் ஸ்பெயினின் யுவென்டுட் அணி. கடைசிச் சில விநாடிகளில் இரண்டு புள்ளிகள் பின்தங்கி இருந்தபோது, அலெக்சாண்டர் ஜார்ஜெவிச் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, சமநிலை குலைந்த நிலையிலேயே மூன்று புள்ளி எறிந்தார். பந்து வளையத்துக்குள் விழுந்தது. 71-70. நான்கே ஆண்டுகளில், 1996-இல், ஃபுவென்லப்ராடாவின் சொந்த அணி ஸ்பெயினின் முதல்நிலை லீகுக்கு உயர்ந்தது.

இனி நம் ஊர். கோடையில் கோவை வ.உ.சி. பூங்காவை ஒட்டிய மைதானத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை ஆட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்டுப் படி மாலை ஆறு மணிக்கும் சுடும். செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டுத்தான் உட்கார வேண்டும். ஆடுவது இந்தியன் வங்கி, இந்தியக் கடற்படை, கேரள மின்வாரியம் போன்ற அணிகள். ஒரு வங்கிக்கு எந்த ஊர் சொந்த ஊர்? ஆனாலும் மூன்றாவது குவார்ட்டருக்குள் கேலரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், பெரும்பாலும் பின்தங்கிய அணியின் பக்கம். ஒருமுறை என் பின்படியில் இருந்த பெரியவர், எங்கிருந்தோ வந்த ஒரு கடற்படை வீரர் ஃப்ரீ த்ரோ எறிய நின்றபோது, "போடு கண்ணு, உள்ள போயிரும்" என்று தன் பேரனுக்குச் சொல்வது போலச் சொன்னார். கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பைக்கு வரும் கூட்டமும் இப்படிப்பட்டதுதான். இரண்டு போட்டிகளும் அரை நூற்றாண்டைக் கடந்தவை. ஃபுவென்லப்ராடா நமக்குப் புதிய ஊர் அல்ல.

2022-23 பருவத்தில் நடந்த ஐ.என்.பி.எல். என்ற இந்திய தேசியக் கூடைப்பந்து லீகில் சென்னை ஹீட் என்ற அணி ஆடியது. ஆட்டங்கள் நடந்ததோ கொச்சி, ஜெய்ப்பூர், புனே நகரங்களில். தமிழ்நாட்டின் பெயரால் ஆடிய அணியைத் தமிழ்நாட்டு கேலரி பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

ஆகவே நாளை கொங்கு நாட்டுக்கு ஒரு தொழில்முறை அணி வந்தால், புறவழிச் சாலையில் இருபதாயிரம் இருக்கைகளோடு ஓர் அரங்கம் கட்ட வேண்டாம் என்பேன். லிதுவேனியாவின் கௌனஸ் நகரில் சுமார் 3 லட்சம் பேர்தான், ஈரோட்டைவிடச் சிறியது. அங்கே சால்கிரிஸ் அணிக்கு 15,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம் 2011-இல் வந்தது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகள், 1939-இல் கட்டிய பழைய மண்டபத்தில் தலைமுறை தலைமுறையாக அந்தக் கூட்டம் சேர்ந்திருந்தது. ஐயாயிரம் பேர் நெருக்கியடித்து உட்காரும் இடம் நமக்குப் போதும். அது வ.உ.சி. பூங்கா மைதானமாகவே இருக்கட்டும். மேலே ஒரு கூரையும் கீழே மரத் தளமும் போட்டுக்கொடுங்கள். காந்திபுரம் பேருந்து நிலையத்தில் இறங்குபவர்கள் நடந்தே வந்துவிடுவார்கள்.

கிழமையும் முக்கியம். திருப்பூரில் சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். எனவே ஞாயிறு மாலை ஐந்தரைக்கு ஆட்டத்தைத் தொடங்குங்கள். ஏழரைக்குள் முடிந்துவிட்டால், பனியன் கம்பெனியில் வேலை செய்பவர் பிள்ளைகளோடு பஸ் ஏறி வீடு சேர்ந்து, திங்கள் காலை ஷிப்டுக்குப் போய்விடலாம். கரூர்க்காரர்கள் தங்கள் ஊரில்தான் ஆட வேண்டும் என்று வாதிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வாதத்தைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், கேட்கக் காத்திருக்கிறேன்.