எடை கூடுகிறது, ஒழுங்கு குலைகிறது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்து, சொட்டுகூட வராமல் அடுப்புப் பக்கம் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். அதே எண்ணெய்தான், எடையும் மாறவில்லை. உள்ளே மூலக்கூறுகள் நிற்கும் விதம்தான் மாறியது. நான் பேச வந்தது அதைப் பற்றித்தான், ஆனால் பாட்டிலில் அல்ல, செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வில்.

கொழுப்பு மூலக்கூறுகள் தலையைத் தண்ணீர்ப் பக்கமும் வாலை உள்பக்கமும் வைத்து இரண்டு அடுக்காக நிற்கும் படலம் அது, தடிமன் சுமார் 5 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கோ 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாமே மங்கல். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கென்னவோ, பந்தியில் நெருக்கி உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே புது ஆளைச் செருகிவிட்டு வரிசை எப்படி என்று விசாரிப்பது போலத் தோன்றும்.

சரி, சாயம் இல்லாமல்? ஒளியைத் தன்னுள்ளே கடத்தும் ஒரு சில்லின் மேல் இந்தப் படலத்தைப் படிய விடுகிறார்கள். உள்ளே ஓடும் லேசர் ஒளி மேற்பரப்புக்கு வெளியே கொஞ்சம் கசியும், மிக அருகிலேயே தேய்ந்து மறைந்தும் விடும். படலம் இருப்பது அந்தக் கசிவுக்குள். இப்போது இரண்டு விதமாக ஒளியை அனுப்புகிறோம்: ஒன்று சில்லின் பரப்போடு படுக்கையாக அதிர்வது, மற்றது செங்குத்தாக அதிர்வது. வால்கள் நிமிர்ந்து நின்றால் இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் வேறு வேறாகத் தெரியும், குழைந்துபோனால் அந்த வித்தியாசம் சுருங்கும். இந்த வித்தியாசத்துக்கு இரட்டை ஒளிவிலகல் என்று பெயர். அதே அளவீட்டிலிருந்து படலத்தின் எடையையும் தனியாகக் கணக்கிடலாம் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஏனென்றால் எடை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஆரீன் 1.2 என்று ஒன்று, ஆஸ்திரேலியத் தவளைத் தோலில் சுரக்கும் 13 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டி பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு மாதிரி), பாக்டீரியாவைக் கொல்லும். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் இதைச் சில்லின் மேல் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெப்டைடு ஒட்ட ஒட்ட எடை ஏறுகிறது, ஆனால் இரட்டை ஒளிவிலகல் இறங்குகிறது. எடைக்கோட்டை மட்டும் பார்ப்பவர் 'நன்றாக ஒட்டியிருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார், கீழே வரிசை கலைந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

தொல்லைகளும் உண்டு. சில்லுக்குத் திரவம் வரும் குழாயில் ஒரு காற்றுக்குமிழி வந்தால் அன்றைய கோடு முழுக்கப் பாழ். அப்புறம், இந்தச் சில்லு சொல்வது மொத்தப் பரப்பின் சராசரி. 1997இல் சைமன்ஸ், இகோனென் என்ற இரு விஞ்ஞானிகள் சொன்ன 'கொழுப்புத் தெப்பங்கள்' மாதிரி அங்கங்கே திட்டுத் திட்டாக ஒழுங்கு இருந்தால், திட்டு எங்கே என்று இதால் காட்ட முடியாது. அதற்கு மறுபடி சாயக்காரர்களிடம்தான் போய் நிற்க வேண்டும்.