டியூட்டி ரோஸ்டரில் இன்னொரு பெயர்

(செவிலிய மாணவர்கள் முன்னால் பேசியது. அன்று வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்தில் தருகிறேன்.)

அனைவருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கிற கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, துணை முதல்வர் அவர்களே, மருத்துவமனைச் செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே (ராத்திரி ரவுண்ட்ஸ் முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள், அதற்குத் தனியாக ஒரு கும்பிடு), சங்கத் தலைவர், செயலாளர் அவர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கிற மருத்துவர்களே, எல்லோருக்கும் நன்றி. முன்வரிசையில் என் ஆசிரியை உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குப் படுக்கை விரிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். போர்வை மூலை சரியாக மடியவில்லை என்று மூன்று தரம் பிரித்துப் போடச் சொன்னார்கள், மூன்று தரமும் பக்கத்திலேயே நின்றார்கள். டீச்சர், நான் இன்று பேசப் போவது நீங்கள் அப்படி நின்றதைப் பற்றித்தான்.

பெருந்தொற்றுக் காலத்தில் செவிலிய மாணவர்களின் மன அழுத்தமும் தொழில் அடையாளமும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். அழுத்தம் எங்கிருந்து வந்தது, "நான் ஒரு நர்ஸ்" என்கிற நினைப்பு எப்படி மனதில் ஊன்றுகிறது, ஆன்லைன் வகுப்பு இந்த இரண்டையும் என்ன செய்தது. அதற்கு முன்னால், என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் எந்தப் பழமொழியோடு தொடங்குவேன் என்பதும் தெரியும். சுவர் இருந்தால்தான் சித்திரம். மாணவியின் உடம்பும் மனசும்தான் சுவர். அதில் எழுதுகிற சித்திரம்தான் நர்ஸ். நாம் சித்திரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், சுவர் ஈரமாக இருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

நவீன செவிலியத்துக்கு அடித்தளம் போட்ட ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டு ஆனதால், 2020-ஐச் செவிலியர்களுக்கும் மகப்பேறு செவிலியர்களுக்குமான ஆண்டு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்திருந்தது. அதே ஆண்டு மார்ச் 11 அன்று, அதே நிறுவனம், கோவிட் ஒரு பெருந்தொற்று என்றது. ஏப்ரலில் உலகச் செவிலியர் நிலை பற்றிய அறிக்கை வந்தது, உலகத்தில் 59 லட்சம் செவிலியர்கள் பற்றாக்குறை என்று. சரி, அவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது தொற்றும் வந்துவிட்டால் கண் யார் பக்கம் போகும்? படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகள் பக்கம்தான். பிரிட்டனில் முதல் அலையின்போது கடைசி ஆண்டு மாணவர்கள் விருப்பப்பட்டால் சம்பளத்தோடு வார்டுக்கு வரலாம் என்றார்கள். மற்ற பல இடங்களில் மாணவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டுக்குப் போனவர்களுக்குத் தொற்று பயம், வீட்டில் இருக்கிற வயதானவர்களுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்கிற பயம். வீட்டில் இருந்தவர்களுக்கு, நம் தோழிகள் அங்கே நிற்கும்போது நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோமே என்கிற உறுத்தல், கூடவே ஊசி போடத் தெரியாமலே பாஸ் ஆகிவிடுவோமோ என்கிற கலக்கம். இரண்டு பக்கமும் சுவர் நனைந்தது.

அழுத்தத்தை அளக்கக் கேள்வித்தாள் இருக்கிறது. 1983-இல் உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் கூட இருந்தவர்களும் உருவாக்கிய அளவுகோலைத்தான் மாணவர்களிடமும் நிறையப் பேர் கொடுக்கிறார்கள். போன ஒரு மாதத்தில் காரியங்கள் கைமீறிப் போவதாக எத்தனை தரம் தோன்றியது என்கிற மாதிரி கேட்கும். நல்ல அளவுகோல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அப்படித் தோன்றியபோது உன் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று அது கேட்காது. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

என்னிடம் படித்த ஒரு பெண், மூன்றாம் ஆண்டு. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம். இரண்டாவது அலையில் கோவிட் வார்டுக்குப் போனாள். கவச உடை, இரட்டைக் கையுறை, என்-95 முகக்கவசம், கண்ணாடி. கண்ணாடி உள்ளே ஆவி படிந்துவிடும், துடைக்கவும் முடியாது, தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு ஓரமாகப் பார்த்துத்தான் வேலை செய்ய வேண்டும். ராத்திரி ஒரு பெரியவருக்கு மூச்சு இறங்கிக்கொண்டே வருகிறது, விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் அளவு 70-க்குக் கீழே. கவிழ்த்துப் படுக்க வைத்தாயிற்று, ஆக்ஸிஜன் முழு வேகத்தில் வைத்தாயிற்று. வீட்டுக்காரர்களை உள்ளே விட முடியாது. அதனால் இவள் கையில் ஒரு போனைக் கொடுத்து, பிளாஸ்டிக் உறை போட்ட போன், வீடியோ கால் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார்கள். கூட இருந்த ஸ்டாஃப் நர்ஸ் அடுத்த படுக்கைக்கு ஓடிவிட்டார், அங்கேயும் அதே நிலைமை. அந்தப் பக்கம் மகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இவள் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். கொஞ்ச நேரத்தில் அவர் போய்விட்டார்.

போனை என்ன செய்வது என்று இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மகளிடம் என்ன சொல்வது, யார் சொல்வது, அதுவும் தெரியாது. திரையில் சிவப்பு வட்டத்தை அழுத்தினாள். இரண்டு கையுறை, மேலே உறை, உள்ளே வேர்வை, அழுத்தியது பதியவில்லை. மறுபடி அழுத்தினாள். அந்தப் பக்கம் மகள் துண்டிக்கவில்லை, அவளுக்கு மனசு வரவில்லை. கை நடுங்கி நடுங்கி, படம் கூரையைக் காட்டுகிறது, படுக்கைத் திரைச்சீலையைக் காட்டுகிறது, திரும்ப அப்பாவைக் காட்டுகிறது. எத்தனை நிமிடம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே நினைவில்லை.

அப்போது வேறு வார்டிலிருந்து டிரிப்ஸ் செட் வாங்க வந்த மூத்த நர்ஸ் ஒருவர் இதைப் பார்த்தார். வந்து மெதுவாகப் போனை வாங்கி, தன் பெயரைச் சொல்லி, "அப்பா போயிட்டாரும்மா, கடைசி வரைக்கும் எங்க பிள்ளை கூடவே இருந்தா" என்று சொல்லிவிட்டு, அந்த மகள் அழுது முடிக்கிற வரைக்கும் பேசாமல் நின்றார். அப்புறம் இவள் தோளில் கை வைத்து, "வா, ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்" என்றார். கண்ணை மூடி, குழாய்களை எடுத்து, முகம் துடைத்து, எல்லாம் சேர்ந்து செய்தார்கள். ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் அந்த மூத்தவர் "ஐயா, முகம் துடைக்கிறோம்" என்று அவரிடம் சொல்லிவிட்டே செய்தாராம். விடியற்காலையில் கவச உடையைக் கழற்றும் இடத்திலும் கூடவே நின்று, கையுறை முதலில், முகக்கவசம் கடைசியில் என்று வரிசையை நினைவுபடுத்தினாராம். களைத்துப்போய் நிற்கிற அந்த நேரத்தில்தான் வரிசை தப்பும், தொற்றும் அங்கேதான் ஏறும்.

அந்தப் பெண் இன்று ஐசியூவில் வேலை பார்க்கிறாள். எந்த நாளில் நீ நர்ஸ் ஆனாய் என்று கேட்டேன். பட்டம் வாங்கிய நாளையும் சொல்லவில்லை, உறுதிமொழி எடுத்த நாளையும் சொல்லவில்லை. "அவங்க 'எங்க பிள்ளை'ன்னு சொன்னாங்க மேடம், அப்பத்தான்" என்றாள்.

என் இரண்டாவது விஷயம் இதற்குள்ளேயே வந்துவிட்டது. வெளியே கை தட்டினார்கள், வீரர்கள் என்றார்கள். மனசார தட்டியவர்களுக்கு நன்றி. ஆனாலும் அந்தப் பெண்ணைத் தாங்கியது தோளில் வைத்த அந்த ஒரு கை.

எனக்கு வயிறு கலங்குவது எங்கே தெரியுமா? அந்த மூத்தவர் டிரிப்ஸ் செட் வாங்க வந்தார். அவ்வளவுதான். அன்று அவர் வார்டில் டிரிப்ஸ் செட் இருந்திருந்தால் இந்தப் பெண் படிப்பையே விட்டிருப்பாள், அவளே சொன்னாள். 2020 தொடக்கம் முதல் 2021 மே வரை உலகம் முழுக்க சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் கோவிட்டில் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. உயிரோடு இருந்து, மனசு உடைந்து, இந்தத் தொழிலே வேண்டாம் என்று போன பிள்ளைகள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம், அந்தச் சுவரைத் தற்செயலாக நடந்துபோகிறவர் பொறுப்பில் விட்டு வைத்திருக்கிறோம்.

அதனால் நான் போகிற மேடையிலெல்லாம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இங்கேயும் கேட்கிறேன். மாணவர் வார்டுக்கு வருகிற ஒவ்வொரு ஷிஃப்டிலும், அவருக்கு என்று ஒரு மூத்த செவிலியரின் பெயர் டியூட்டி ரோஸ்டரில், அதாவது யாருக்கு எப்போது வேலை என்கிற பட்டியலில், எழுதப்பட வேண்டும். அந்த மூத்தவருக்குப் படுக்கைகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பெயர் பெயராகவே இருக்கும். மாணவரை ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது, அவர் படிக்க வந்தவர். தொற்றுக் காலத்தில் இது இரட்டிப்பாக வேண்டும். ஆள் இல்லாத நேரத்தில் இது நடக்குமா என்று கண்காணிப்பாளர் அம்மா கேட்பார்கள், நியாயமான கேள்வி. ஆள் இல்லாத நேரத்தில் முதலில் வெட்டுப்படுவது இதுவாக இருப்பதால்தான் எழுத்தில் கேட்கிறேன்.

மூன்றாவதாகச் சொன்ன ஆன்லைன் வகுப்புக்கு நேரம் இல்லை. முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், அடுத்து மருத்துவர் ஐயா பேச இருக்கிறார்கள். வாசல் பக்கம் மேசையில் நான் சொன்ன கோரிக்கை மனுவாக இருக்கிறது, ஒரே பக்கம்தான். மாணவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். டீச்சர், முதல் வரியை உங்களுக்காகக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.