யானோமாமி ஊரில் பெயர் கேட்டால் என்ன ஆகும்?

[திரையில்: பிரேசில், வெனிசுவேலா எல்லைக் காட்டின் வரைபடம்]

தென் அமெரிக்கப் பழங்குடிச் சமயம் என்று தேடினால் முதலில் வந்து நிற்பது மூலிகைப் பொடி, போதை, ஆவி. அதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்க்கலாம்.

1964இல் நெப்போலியன் ஷாக்னன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் வெனிசுவேலாவில் காட்டில் வாழும் யானோமாமி பழங்குடி மக்களிடம் போனார். யார் யாருக்குப் பிள்ளை, யார் யாரைக் கட்டியிருக்கிறார் என்று வம்சாவளி எழுத வேண்டும், அதற்குப் பெயர்கள் வேண்டும். ஊர்க்காரர்களும் தாராளமாகச் சொன்னார்கள். சில மாதம் கழித்து இன்னொரு ஊருக்குப் போய், முதல் ஊர்த் தலைவரின் மனைவி பெயரை அவர் எடுத்ததும் கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது, ஏனென்றால் அவர் எழுதி வைத்திருந்ததில் நிறைய பச்சையான கெட்ட வார்த்தைகள். மாதக்கணக்கான வேலை குப்பைக்குப் போனது. நான் இதில் ஊர்க்காரர்கள் கட்சி.

ஏனென்றால் அங்கே ஒருவர் பெயரை வெளிப்படையாகச் சொல்வதே மரியாதைக்குறைவு, இறந்தவர் பெயரைச் சொல்வது அதைவிட மோசம். ஒருவர் இறந்தால் உடலை எரித்து, எலும்பைப் பொடியாக்கி, உறவுகள் கூடும் விருந்தில் வாழைப்பழக் கஞ்சியில் கலந்து குடிப்பார்கள். சில ஊர்களில் சாம்பலை அடுப்படியில் புதைப்பதும் உண்டு. அவர் வைத்திருந்த பொருட்களையும் அழித்துவிடுவார்கள். இறந்தவருடையது என்று எதுவும் மிஞ்சக் கூடாது, மிஞ்சினால் துக்கமும் தீராது, ஆவியும் திரும்பிவரும்.

[திரையில்: மூங்கில் போல நீண்ட ஊதுகுழல், படம் வரைந்தது]

சரி, ஷாமன்கள், அதாவது ஆவிகளை அழைத்து நோய் தீர்ப்பவர்கள். யாகோவானா என்ற மரப்பட்டைப் பொடியை மூத்த ஷாமன் குழலால் இளையவர் மூக்கில் ஊதுவார். அதற்குப் பிறகுதான் ஷாபிரி எனும் ஆவிகளைக் கண்ணால் பார்க்க முடியும், நோயாளிக்காக அவற்றை அழைக்க முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இங்கே பொடி ஒரு வழி மட்டுமே, பாட்டும் ஆட்டமும் பல வருடப் பழக்கமும் இல்லாமல் யாரும் ஷாமன் ஆவதில்லை. சுற்றுலா விளம்பரங்கள் இதை மட்டும் கச்சிதமாக விட்டுவிடும்.

தாவி கோபெனாவா அப்படி ஷாமன் ஆனவர், பிரேசில் பக்கத்து யானோமாமி, தன் மாமனாரிடம் கற்றவர். புரூஸ் ஆல்பர்ட் என்ற மானிடவியலாளர் அவரிடம் யானோமாமி மொழியிலேயே வருடக்கணக்கில் பேசிப் பதிவுசெய்து 2010இல் புத்தகமாக்கினார். எதைச் சொல்ல வேண்டும் என்பது கோபெனாவாவின் முடிவு. ஷாக்னனின் நோட்டுப் புத்தகத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

அந்தக் கோபெனாவா சிறுவனாக இருந்தபோது, 1960களின் கடைசியில், அமெரிக்க மரபணு ஆய்வாளர்கள் பாத்திரம், கத்தி போன்ற பொருட்களைக் கொடுத்து அந்த மக்களிடம் இரத்தம் எடுத்துப் போனார்கள். கொடுத்தவர்களில் பலர் பிறகு இறந்துபோனார்கள், இரத்தமோ அமெரிக்க ஆய்வகங்களில் குளிர்பெட்டிக்குள் இருந்தது. சாம்பலைக்கூட மிச்சம் வைக்காத ஒரு சமூகத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்! பத்தாண்டுக்கும் மேல் போராடி, 2015 ஏப்ரலில் 2,693 குப்பிகளைத் திரும்ப வாங்கி, ஷாமன்கள் கூடி நின்று தூதோதோபி பகுதியில் மண்ணில் புதைத்தார்கள்.