"ஸ்டாப்" என்று கத்தியும் ரோபோ ஏன் நிற்கவில்லை?

[காட்சி: நான்கு சக்கர ரோபோ சுவரை நோக்கிப் போகிறது]

ஸ்டாப்... ஸ்டாப்... ஸ்டாப்!

இடித்துவிட்டது. நின்றுகொண்டிருந்தபோது "ஃபார்வர்ட்" என்றதும் உடனே கிளம்பியது, ஓட ஆரம்பித்த பிறகு எவ்வளவு கத்தினாலும் காதில் விழவில்லை. இதற்கான காரணம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனதால்தான் இந்த வீடியோவே.

முதலில் பொருட்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர், யூஎஸ்பி மைக், மஞ்சள் கியர் மோட்டார் நான்கு, அந்த மோட்டார்களை இயக்க எல்298என் மோட்டார் போர்டு. ராஸ்பெர்ரி பையில் மைக் சொருக ஆடியோ இன்புட் கிடையாது, அதனால் யூஎஸ்பி மைக்தான் சுலபம். மோட்டாரை பையின் ஜிபிஐஓ பின்னில் (சிக்னல் கொடுக்கும் ஊசிகள்) நேரடியாக மாட்டாதீர்கள், அது 3.3 வோல்ட்டில் சில மில்லியாம்பியர் மட்டுமே தரும், பையே போய்விடும். மோட்டாருக்குத் தனி பேட்டரி, கிரவுண்ட் (மைனஸ் வயர்) மட்டும் பொது. ஒரே பேட்டரியில் ஓட்டினால், மோட்டார் கிளம்பும் நொடியில் கரண்ட்டை இழுக்கும், வோல்ட்டேஜ் சரிந்து பை ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

பேச்சைப் புரிந்துகொள்ள வோஸ்க் என்ற சாஃப்ட்வேர். இன்டர்நெட் வேண்டாம், இந்திய ஆங்கிலத்துக்கென்றே ஒரு மாடல் இருக்கிறது, வெறும் 36 எம்பி!

சரி, இப்போது சுவர் விஷயம். ரோபோ ஓடும்போது மைக்கில் பதிவானதைக் கேளுங்கள்.

[ஒலி: கரகரவென்ற இரைச்சல்]

என் குரல் எங்கே? மைக்கை அக்ரிலிக் தட்டிலேயே திருகியிருந்தேன், கியர் அதிர்வு காற்றில் வருவதற்கு முன்பே தட்டு வழியாக மைக்குக்குள் ஏறிவிடுகிறது. ஓடுகிற மிக்ஸி மேல் காதை வைத்துக்கொண்டு அடுத்த அறையில் இருப்பவர் பேசுவதைக் கேட்கிற மாதிரி. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி மைக்குக்கு அடியில் ஒட்டினேன், பாதி இரைச்சல் அடங்கிவிட்டது. அப்புறம் கோடில் ஒரு மாற்றம்: எந்தக் கட்டளைக்கும் ஒரு நொடிதான் ஓட வேண்டும், பிறகு தானாக நின்று கேட்க வேண்டும். "ஸ்டாப்" காதில் விழாவிட்டாலும் சுவர் தப்பிக்கும்.

இன்னொன்று, இதுதான் என் ஃபேவரிட். வோஸ்க்கிடம் ஐந்து சொற்களை மட்டும் கொடுத்து "இதற்குள்தான் தேட வேண்டும்" என்று சொல்லலாம், துல்லியம் நன்றாகக் கூடும். ஆனால் ஐந்து சொல் மட்டுமே தெரிந்தவனுக்கு உலகத்தில் எல்லா சத்தமும் அந்த ஐந்தில் ஒன்றாகத்தானே இருக்க முடியும்! சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, ரோபோ "லெஃப்ட்" என்று எடுத்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பிவிட்டது. பட்டியலின் கடைசியில் சதுர அடைப்புக்குள் யூஎன்கே ([unk], "அன்னோன்" என்பதன் சுருக்கம்) என்று சேர்த்துவிடுங்கள், "இது எனக்குத் தெரியாத சத்தம்" என்று சொல்ல அதற்கு ஒரு வழி கிடைக்கும். டுடோரியல் போடுபவர்கள் இந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

சொற்களையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், "கோ", "நோ" இரண்டையும் ஒன்றாக வைக்காதீர்கள்.

உங்கள் ஐந்து சொற்கள் என்னென்ன? கமென்ட்டில் எழுதுங்கள், குழப்பம் வருகிற ஜோடி இருந்தால் அதையும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.

[காட்சி: ரோபோ சுவருக்கு ஒரு சாண் முன்பு நிற்கிறது, பின்னால் குக்கர் விசில், அது அசையவில்லை]