அம்மா திறந்து பார்க்கிற மாதிரி வீட்டுக்கு ஒரு வலைத்தளம்

[திரை: வெள்ளைப் பக்கம். பெரிய எழுத்தில் ஒரு குடும்பத்தின் ஊர்ப்பெயர், கீழே நான்கைந்து வரி, ஓர் அட்டவணை.]

வணக்கம். இன்றைக்கு நம் வீட்டுக்கென்று ஒரு சின்ன வலைத்தளம் செய்யப்போகிறோம். இது தொழிலுக்கானது இல்லை. வீட்டு மனிதர்கள் பார்ப்பதற்காக, வீட்டு மனிதர்களே ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து திருத்திக்கொள்கிற தளம்.

எதில் செய்வது, எங்கே ஏற்றுவது என்று பலரும் முதலில் கேட்பார்கள். அதற்கு முன்னால் இன்னொன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டில் இதை யார் திறந்து பார்ப்பார்கள்? எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியம்மாவும். அது தெரிந்துவிட்டால் எழுத்தின் அளவு, படத்தின் அளவு, பக்கத்தில் என்ன இருக்கவேண்டும் என்று மீதி எல்லாமே அதை வைத்து முடிவாகிவிடும்.

அவர்களுக்கு என்ன வேண்டும்? எங்கள் வீட்டில் வருடம் தவறாமல் வருகிற கேள்வி, "தாத்தா திதி இந்த வருஷம் என்னிக்கு வருது?" என்பதுதான். நாலு பேருக்கு போன் போகும். பதில் குடும்ப வாட்ஸாப் குழுவில் எங்கோ இருக்கும், ஆனால் தேடினால் அகப்படாது. அதனால் நான் முதலில் செய்தது திதிப் பக்கம்தான். உங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லையென்றால் குலதெய்வக் கோயிலுக்குப் போகிற வழியோ, பாட்டியின் ஊறுகாய் அளவோ, அடிக்கடி கேட்கப்படுகிற வேறு எதுவோ முதல் பக்கமாகட்டும்.

[திரை: அட்டவணை. பெயர், தமிழ் மாதம், பட்சம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி, இந்த வருடத் தேதி.]

இந்த அட்டவணையைக் கவனியுங்கள். முதல் நான்கு கட்டங்கள் எப்போதும் மாறாதவை. கடைசிக் கட்டம் மட்டும் வருடா வருடம் மாறும். தமிழ் மாதம் சூரியனை வைத்து ஓடுகிறது, திதி சந்திரனை வைத்து ஓடுகிறது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு ஏறத்தாழ 29 1/2 நாள். அதற்குள் 30 திதிகள். பன்னிரண்டு அமாவாசை சேர்ந்தால் 354 நாள்தான் ஆகிறது, சூரிய வருடத்துக்கு 11 நாள் குறைவு. அதனால்தான் ஆங்கிலத் தேதி ஒவ்வொரு வருடமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

நட்சத்திரப் பிறந்தநாளும் இப்படித்தான். சந்திரன் 27 நட்சத்திரங்களையும் ஏறக்குறைய 27 1/3 நாளில் சுற்றிவிடுகிறது. தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை போகும். அப்படியென்றால் ஒரே மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். எதை எடுத்துக்கொள்வது என்பது வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது. அந்த வழக்கத்தையும் அட்டவணைக்குக் கீழே ஒரு வரியாக எழுதி வையுங்கள். இன்னொரு வரியும் அவசியம்: உங்கள் வீட்டில் பார்ப்பது வாக்கியப் பஞ்சாங்கமா, திருக்கணிதமா? இரண்டின் கணக்கு முறையும் வேறு, அதனால் திதி முடிகிற நேரம் வேறுபடும், சில சமயம் நாளே மாறிவிடும். பெரியவர்களுக்கு இது கேட்காமலே தெரியும். அடுத்த தலைமுறைக்கு யாராவது எழுதி வைத்தால்தான் உண்டு.

சித்திரை பிறந்து புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அம்மா வாசிக்க, நான் கடைசிக் கட்டத்தை மட்டும் மாற்றுகிறேன். "அது ஏகாதசி இல்லடி, துவாதசி. தாத்தா மறுநாள் விடியக்காலையிலதான் போனார்" என்று அம்மா நடுவில் சொல்லுவாள். அப்புறம் அந்த நாளைப் பற்றிய பேச்சு நீளும். அதில் ஒன்றிரண்டு வரிகளை அவள் சம்மதத்தோடு பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சரி, இப்போது கணினிப் பக்கம் வருவோம்.

[திரை: ஒரு கோப்புறை, அதற்குள் ஒரே ஒரு கோப்பு.]

நான் பரிந்துரைப்பது வெறும் ஹெச்டிஎம்எல், அதாவது குரோம் போன்ற உலாவிகள் படித்துக் காட்டுகிற வலைப்பக்க மொழி. கணினியில் ஏற்கெனவே இருக்கிற நோட்பேட் போதும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் இதே ஹெச்டிஎம்எல்லில் செய்த முதல் வலைத்தளம் 1991-ல் உலகத்துக்குத் திறக்கப்பட்டது. 2013-ல் செர்ன் அதைப் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய போனில் திறந்தாலும் அதைப் படிக்க முடிகிறது. பேரன் பேத்திகள் படிக்கவேண்டும் என்று எழுதுகிற பக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

கோப்பின் தலையில் மூன்று விஷயம் இருக்கவேண்டும். எழுத்துக் குறியீடு, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கிற முறை, யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு. பக்கத்தின் மொழி தமிழ் என்ற குறிப்பு, எழுத்தைச் சத்தமாக வாசிக்கிற செயலிகளுக்கு இது உதவும். அப்புறம், போன் திரையின் அகலத்துக்குப் பக்கம் பொருந்துவதற்கான வியூபோர்ட் வரி. மூன்றையும் எப்படி எழுதுவது என்று திரையில் காட்டியிருக்கிறேன், நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

[திரை: அதே பக்கம், தமிழ் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள்.]

முதல் வரி ஏன் இவ்வளவு முக்கியம்? யூடிஎஃப்-8 முறையில் 'அ' என்ற ஒரு எழுத்து மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. அந்த அறிவிப்பு இல்லையென்றால் சில சமயம் உலாவி அந்த மூன்றையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகப் படித்துவிடும். அப்போது, தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இப்படியே பக்கம் முழுக்க ஓடும். இதைப் பார்த்தால் பயப்படவேண்டாம். கோப்பு கெட்டுப்போகவில்லை, அந்த ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

பழைய கோப்புகளின் கதை வேறு. உங்கள் சித்தப்பா எப்போதோ கணினியில் அடித்து வைத்த குடும்ப வரலாறு பாமினி எழுத்துருவில் இருக்கலாம். அதில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று தெரியும். அங்கே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆகவே யூனிகோடுக்கு, அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருகிற பொதுக் குறியீட்டுக்கு, மாற்றித்தான் ஏற்றவேண்டும். அதற்கான இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் பழைய குறியீடுகளில் ஏற்றிய இலக்கிய நூல்களை இப்படித்தான் பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தார்கள். சங்க இலக்கியத்துக்கு எடுத்த அந்தக் கவனம் சித்தப்பாவின் பத்துப் பக்கத்துக்கும் தகும் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்து எழுத்தின் தோற்றம். பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசா இருந்தா தேவலை" என்றாள். 20 பிக்சல் வைத்ததும் வசதியாக இருந்தது. ஒரு வரியின் உயரம் எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு இருக்கட்டும். தமிழில் மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கு'வின் வளைவும் இருப்பதால் நெருக்கமான வரிகள் ஒன்றோடொன்று மோதும். இரண்டு ஓரமும் சமமாக நிற்கிற ஜஸ்டிஃபை வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, போனின் குறுகிய திரையில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் வரும், நடுவில் பெரிய பெரிய இடைவெளி விழுந்துவிடும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

[திரை: ஒரு கல்யாணப் புகைப்படம், பக்கத்தில் அதன் அளவு விவரங்கள்.]

படங்கள். போனில் எடுத்த படம் பெரும்பாலும் 4000 பிக்சல் அகலம், மூன்று நான்கு எம்பி இருக்கும். 1200 பிக்சலுக்குச் சுருக்கி ஜேபெக் ஆகச் சேமித்தால் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் வந்துவிடும், பார்ப்பதற்கு வித்தியாசம் தெரியாது. ஐபோன் படங்கள் ஹெய்க் வகையில் இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், பல உலாவிகளில் அவை திறக்காது.

படத்துக்குள்ளேயே, எடுத்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் எடுத்த படமென்றால் அது உங்கள் வீட்டு விலாசம்தான். ஏற்றுவதற்கு முன் படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்து, இடத் தகவலை நீக்கிவிடுங்கள். குழந்தைகளின் பள்ளிப் பெயர், சீருடை, முழுப் பிறந்ததேதி இவை வேண்டவே வேண்டாம். கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளையென்றால் "இந்தப் படத்தைப் போடட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தேடுபொறிகளில் வராமலிருக்க 'நோ இண்டெக்ஸ்' என்று ஒரு வரி சேர்க்கலாம். கூகுள் போன்றவை அதை மதிக்கும். ஆனாலும் முகவரி தெரிந்த யாரும் பக்கத்தைத் திறக்கலாம், அதனால் வங்கி விவரமோ ஆதார் எண்ணோ அங்கே இருக்கக்கூடாது.

எங்கே ஏற்றுவது? வலைத்தளத்தை வைக்க இடம் தருகிற சேவைகளில் கிட்ஹப் பேஜஸ் இலவசம், ஒரு ஜிபி வரை வைக்கலாம். நியோசிட்டீஸும் இலவசமாக ஒரு ஜிபி தருகிறது. சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் வருடச் சந்தா கட்டவேண்டும். சந்தா முடிகிறது என்ற நினைவூட்டல் வீட்டில் இரண்டு பேருக்காவது போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைத்தாலும் மூலக் கோப்புறை உங்கள் கையில் இருக்கட்டும். 1990-களில் லட்சக்கணக்கானவர்கள் ஜியோசிட்டீஸில் இலவசமாகச் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். 1999-ல் யாகூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் மூடியது. ஜப்பானில் மட்டும் 2019 வரை இருந்தது. கணினியில் பிரதி வைத்திருந்தவர்கள் வேறிடத்தில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. நம் தளம் ஒரே கோப்புறை என்பதால் பிரதி எடுப்பது சுலபம்: ஒன்று பென் டிரைவில் பீரோவுக்குள், இன்னொன்று வேறு ஊரில் இருக்கிற தங்கையிடமோ மச்சானிடமோ. கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் வீட்டுப் பத்திரங்களோடு ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்லிவிடுங்கள். அவரை உட்காரவைத்து, ஒரு தேதியை அவர் கையாலேயே மாற்றி ஏற்றச் சொல்லுங்கள்.