கோட்பாடு விதியாகப் பதவி உயர்வு பெறாது!

வணக்கம். நிலநடுக்க அலைகள் வீடியோ இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போய்விட்டது. உங்களில் ஒருவர் ஒரு சுவரொட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அதில் மூன்று படிகள். கீழே கருதுகோள், நடுவில் கோட்பாடு, உச்சியில் விதி. விதிக்கு மட்டும் தங்க நிற எழுத்து. பக்கத்திலேயே அம்புக்குறி போட்டு, ‘நிரூபணமானால் கோட்பாடு விதியாகும்’ என்று எழுதியிருக்கிறார்கள். இந்தப் படிக்கட்டைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ‘பரிணாமம் வெறும் கோட்பாடுதானே’ என்று கேட்கிறவர்கள் எல்லாரும் இதில் ஏறி வந்தவர்கள்தான்.

நியூட்டன் ஈர்ப்பு விதியை வெளியிட்டது 1687-இல். இரண்டு பொருள்கள் எவ்வளவு விசையோடு இழுத்துக்கொள்கின்றன என்று அந்த விதி கணக்கிட்டுச் சொல்கிறது. ஏன் இழுக்கின்றன என்று சொல்லவில்லை. அதைச் சொல்ல வந்தது 1915-இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. விதி வந்து 228 வருடம் கழித்து! இன்றைக்கும் அது விதி, இது கோட்பாடு. விதி என்ன நடக்கும் என்கிறது, கோட்பாடு ஏன் நடக்கிறது என்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை.

சரி, பின்னால் தொங்கும் பூட்டைப் பார்த்திருப்பீர்கள். ‘விதி எப்போதும், எங்கேயும் சரி’ என்று அதே சுவரொட்டியில் இன்னொரு வரி இருந்தது. அதைச் சோதிக்கத்தான் அந்தப் பூட்டை நூலில் தொங்கவிட்டு ஊசல் கட்டினேன். நீளத்தை வைத்து நேரத்தைச் சொல்லும் ஊசல் விதியின் சூத்திரப்படி, ஒரு மீட்டர் ஊசல் பத்து முறை போய்வர 20.06 விநாடி ஆக வேண்டும். எனக்கு 20.4 வந்தது. திரும்பச் செய்தேன், 20.5. மறுபடி 20.4. மூன்று நாள்! நூலை மாற்றினேன், மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன், ஸ்டாப்வாட்ச்சை இடது கையில் பிடித்துப் பார்த்தேன். சிவப்பு நோட்டில் நான்கு பக்கம் நிரம்பிவிட்டது. மூன்றாம் நாள் இரவுதான் புரிந்தது. நான் நூலை முடிச்சு வரைக்கும் அளந்திருக்கிறேன். அளக்க வேண்டியது பூட்டின் நடுப்பகுதி வரைக்கும். அங்கே நான்கு சென்டிமீட்டர் கூடுதல்! நூலைக் குறைத்துக் கட்டினேன். 20.1. கத்திவிட்டேன். அந்தக் காட்சியை வெட்டாமல் அப்படியே வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அப்புறம் அதே பூட்டை 60 பாகை வரைக்கும் இழுத்து விட்டேன். 21.4. நூல் அதேதான், பூட்டும் அதேதான். ஆட்டம் சிறியதாக இருக்கும்வரைதான் அந்தச் சூத்திரம் பொருந்தும், 60 பாகைக்குப் போனால் சுமார் ஏழு சதவீதம் கூடிவிடும். விதி பொய்யாகிவிடவில்லை, அதன் எல்லையை நான் தாண்டிவிட்டேன்.

நியூட்டனுக்கும் அப்படி ஒரு எல்லை உண்டு. புதன் கோளின் சுற்றுப்பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே வருகிறது. மற்ற கோள்களின் இழுவையை எல்லாம் கழித்தாலும் நூற்றாண்டுக்கு 43 விகலை மிச்சம். ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அந்தத் துளி மிச்சத்தைக் கணக்கில் கொண்டுவந்தது பொதுச் சார்பியல். ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். அதற்கு முன்னால் 1859-இல் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, புதனுக்கு உள்பக்கம் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். அவர் கணக்குப் போட்டுக் காட்டிய இடத்தில்தான் 1846-இல் நெப்டியூன் கிடைத்தது, அதனால் நம்பினார்கள். வல்கன் கிடைக்கவே இல்லை.

படம் அனுப்பியவர் கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: ‘உண்மையைத் தேடும் அறிவியலுக்கு நெறிமுறை எதற்கு?’ இதற்கு நான் கோபமாகத்தான் பதில் சொல்வேன். அமெரிக்காவின் அலபாமாவில், டஸ்கீகியில், 1932-இல் அரசின் பொதுச் சுகாதாரச் சேவை ஓர் ஆய்வைத் தொடங்கியது. மேகப்புண் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்கள், நோய் இல்லாத 201 பேர். சிகிச்சை தராமல் விட்டால் நோய் உடம்பை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். அவர்களிடம் ‘கெட்ட ரத்தம்’, அதற்கு மருத்துவம் பார்க்கிறோம் என்றார்கள். 1940-களில் பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. ஆட்களிடம் சம்மதம் கேட்க வேண்டும் என்று, மனிதர்கள் மேல் செய்யும் ஆய்வுகளுக்கான நியூரம்பர்க் நெறித்தொகுப்பு 1947-இலேயே முதல் வரியில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் 25 வருடம் நடந்தது! உள்ளே வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் 1966-இலேயே ஆட்சேபித்து எழுதினார், கேட்கவில்லை. கடைசியில் அவர் செய்தியாளரிடம் கொடுத்து, 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள்.

அந்த ஆய்வில் எழுதி வைத்த அளவுகள் எல்லாம் சரியாகவே இருந்தாலும் என்ன? ஒரு மனிதனை நோயோடு விட்டுவிட்டுப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு எந்த அளவிலிருந்தும் பதில் கிடைக்காது. அதை நாம்தான் ஆய்வு தொடங்கும் முன்பே கேட்க வேண்டும். சம்மதம், நெறிக்குழு இதெல்லாம் வேலையை இழுத்தடிக்கிறது என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகவே போகாது.

பூட்டை இன்னும் கழற்றவில்லை. 90 பாகையில் விட்டுப் பார்க்கப் போகிறேன், கணக்குப்படி 23.7 வர வேண்டும். நீங்களும் கட்டிப் பாருங்கள், முடிச்சோடு அளவை நிறுத்திவிடாதீர்கள்.